றெக்கை கேட்டு வந்த அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்து, மசாலா வாசம் சந்துக்குள் இறங்கியதும், எங்கள் பின்வாசலில் ஓர் இருமல் கேட்கும். வேண்டுமென்றே இருமுகிற இருமல். கதவைத் திறந்தால் படிக்குக் கீழே அண்ணன் நிற்பார். கையில் நிவாரண முகாமில் கொடுத்த சில்வர் தட்டு. உள்ளே வாங்க என்றால் வரமாட்டார்.

"தங்கச்சி, றெக்க இருக்குது தானே?"

"இருக்குண்ணே."

"ரெண்டும்?"

"ரெண்டும் இருக்கு."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் இளகும். காலும் நெஞ்சுக்கறியும் ஈரலும் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்கமாட்டார். இரண்டு இறக்கைகளையும் தட்டில் வைத்து, மேலே கொஞ்சம் குழம்பு ஊற்றினால் போதும். வாங்கிக்கொண்டு போய், தன் அறைவாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எலும்பை மென்று தூளாக்கித் தின்பார். ஒரு துணுக்குகூடக் கீழே விழாது. காக்கை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்து போகும்.

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று உண்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம் அவர் அங்கே குடிவந்தார். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுக்காரர். சிலோன் மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்களை அந்தக் காலத்தில் சர்க்கார் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடிவைத்திருந்தது. சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு அங்கே வந்தவர். கடல் வந்து போன பிறகு முகாம் முகாமாகச் சுற்றி, கடைசியில் இங்கே ஒரு ஆபீஸில் சௌக்கிதாராகக் காவல் வேலை கிடைத்து எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தார். குடும்பம் இல்லை என்று மட்டும் சொன்னார். அந்த வருஷங்களில் அப்படிச் சொல்கிறவர்களிடம் யாரும் மேலே கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு மின்சார இலாகாவில் லைன்மேன் வேலை. ஒரே பிள்ளை, வள்ளி. அண்ணன் வந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் குடிவந்தவர் தனியாக இருக்கிறாரே என்று நான்தான் குழம்பு கொடுத்தனுப்பினேன். வள்ளி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் அவரே கிண்ணத்தோடு திரும்பி வந்தார். கறி போகட்டும், றெக்கை எங்கே என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டியில் கிடக்கிறது என்றேன். "அதை எனக்குக் குடுத்துருங்க தங்கச்சி. இதைப் புள்ளைக்குப் போடுங்க" என்று கிண்ணத்தைப் படியில் வைத்தார். நாக்கு ருசி கண்ட மனுஷன் போல என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவை நாங்கள் எல்லோரும் அவள் பாஷையில் அண்ணி, பௌதி என்றுதான் கூப்பிடுவோம். அவள் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "தேரா பாய் ஆயா, பங்க் லேனே" என்பாள். உன் அண்ணன் இறக்கை வாங்க வந்துவிட்டான் என்று கேலி. ஆனால் அவள் கோழி சமைக்கிற அன்று அவள் வாசலிலும் போய் இருமுவார். சந்தில் எந்த வீட்டில் கோழி வெந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளை இல்லாத வீடுகளுக்கு மட்டும் போகமாட்டார். அதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கல்யாண வீடுகளில்தான் மானம் போகும். டெலானிபூரில் ஒரு கல்யாணம். பிரியாணிப் பந்தியில் எங்கள் வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சின்னப் பெண், அம்மா மடியில் பாதியும் நாற்காலியில் பாதியுமாக உட்கார்ந்து இறக்கைத் துண்டைக் கையில் எடுத்தது. இவர் எழுந்து, கையை நீட்டி, அதைப் பிடுங்கித் தன் இலையில் போட்டுக்கொண்டார். தன் இலையிலிருந்த கால் துண்டைத் தூக்கி அந்தக் குழந்தை இலையில் வைத்தார். குழந்தை வீரிட்டு அழுதது. குழந்தையின் தகப்பன் எழுந்து சட்டையைப் பிடித்துவிட்டான். சோற்றுக்குச் செத்தவனா நீ என்று கேட்டான். பிடித்த பிடியில் சட்டைப் பித்தான் தெறித்து விழுந்தது. அந்த நிலையிலும் அண்ணன் இறக்கையை வாயில் போட்டு மென்றுகொண்டே நின்றார். நான் முருகா முருகா என்று இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவரோடு இனிமேல் பழக்கம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சரி என்றார். மறுநாள் காலை வள்ளியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றப் போனபோது அண்ணன் வழக்கம்போல அங்கே நின்றார். சந்துப் பிள்ளைகள் எல்லோருடைய ஷூ கயிற்றையும் இரட்டை முடிச்சாக முடிந்துவிடுவது அவருடைய காலை வேலை. குனிந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் முடிந்து, இழுத்துப் பார்த்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் திருப்பத்தில் மறைகிறவரை நிற்பார். சாயங்காலமும் வந்து நிற்பார். தலைகளை எண்ணுவது உதட்டசைவில் தெரியும். இந்த மனுஷனோடு எப்படிப் பேசாமல் இருப்பது?

வள்ளி பெரியவளானபோது தாய்மாமன் சீர் வைக்க ஆளில்லை. என் உடன்பிறந்தவர்கள் மெயின்லேண்டில். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. அண்ணன்தான் நின்றார். கேட்கவில்லை, தானாகவே வந்து நின்றார். பச்சைப் பட்டு, வளையல், பழத்தட்டு, எல்லாம் முறைப்படி. எந்தக் கடையில் யாரைக் கேட்டு வாங்கினாரோ. வள்ளிக்கு மாலை போடும்போது அவர் அதை இரண்டு தடவை தவறவிட்டதைப் பார்த்து, வேலைக்குப் போகிற மனுஷன், சாப்பிடாமல் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூமி ஆடுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பெரிய ஆட்டத்துக்குப் பிறகு எத்தனையோ சின்ன ஆட்டங்கள். பாத்திரம் கலகலத்தால் வெளியே வந்து நின்றுவிட்டு, ஆட்டம் அடங்கியதும் உள்ளே போய் அடுப்பை மூட்டுவோம். அப்படி ஒரு கிருத்திகை அன்று நான் விரதம். மத்தியானம் கொஞ்சம் பலமாகவே ஆடியது. எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். ஆட்டம் நின்றபோது பார்த்தால் அண்ணன் வள்ளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. பிடி விடவில்லை. வலிக்குது மாமா என்று வள்ளி சொன்ன பிறகுதான் விட்டார். அவள் கையில் விரல் பதிந்திருந்தது.

வள்ளி உள்ளே போனதும் அவர் எங்கள் படியில் உட்கார்ந்தார். முதல் தடவையாகப் படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னார்.

அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறது. பிரசவத்திலேயே தாய் போய்விட, இவரே வளர்த்த பிள்ளை. வள்ளி வயசு. அவருடைய அம்மா சிலோன் தோட்டத்து லயத்தில், அந்த வரிசைவீட்டில், ஒரு கோழியை வீடு நிறைய ஆட்களுக்குப் பங்கு வைக்கும்போது, பெண்பிள்ளை றெக்கை தின்றால் பறந்து போய்விடும் என்று சொல்லி, அதை ஆண்பிள்ளைகள் தட்டில் வைப்பாளாம். அதையே இவரும் மகளிடம் சொல்லி, காலை அவளுக்கு வைத்து, றெக்கையைத் தான் தின்று வந்திருக்கிறார். கடல் வந்த அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர்கள் கோழிக்கறி கொடுத்திருக்கிறார்கள். றெக்கை வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்திருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு அப்பான்னு கேட்டுச்சு தங்கச்சி. நல்ல நாளும் அதுவுமா அழ வேணாமேன்னு குடுத்துட்டேன். நல்லா தின்னுச்சு. விடிய நான் வெறகுக்கு மேட்டுக்குப் போயிட்டேன். தூங்கிக்கிட்டு இருந்த புள்ளைய எழுப்பல."

அதற்கு மேல் நான் கேட்கத் தேவை இல்லை. மேட்டிலிருந்து அவர் எதைப் பார்த்திருப்பார் என்று இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்.

நான் படித்தது எட்டாவது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். எல்லாம் அவன் செயல் அண்ணே, றெக்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், உங்கம்மா கறி பத்தாமல் சொன்ன வார்த்தை அது என்றேன்.

"தெரியும் தங்கச்சி. கறி பத்தாமத்தான் சொல்லிச்சு. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு என்னா செய்ய?"

அப்புறம் ஒன்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு இது தெரியக்கூடாது, தெரிந்தால் பயந்துகொள்ளும் என்றார். முருகன் படத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தேன். கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அய்யரிடம் விபூதி வாங்கி அவர் நெற்றியில் நானே பூசினேன். குழந்தைக்கு ஒரு படையல் போட்டுவிடுங்கள், மனசு ஆறும் என்றேன். உடம்பு கிடைக்காத பிள்ளைக்கு எப்படி இலை போடுவது என்று கேட்டார். கறிக்கடைக்காரரிடம் றெக்கையை வெட்டி எறிந்துவிடச் சொல்லிப் பார்த்தேன். அது இவர் காதுக்கு எட்டி, வேகமாக வந்துவிட்டார். எறிந்தால் யார் எடுத்துத் தின்பார்கள் என்று தெரியாது, யாராவது ஒருவர் தின்றுதான் தீர வேண்டும், அது நானாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருமல் கேட்டால் இரண்டையும் எடுத்து வைத்துவிடுவேன்.

இப்படியே வருஷங்கள் போயின. வள்ளி பன்னிரண்டாவது முடித்தாள். மெயின்லேண்டில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. அந்தச் சமயத்தில்தான் பஜார் பக்கம் மாடியில் ஒரு புது ஓட்டல் திறந்தார்கள். மெயின்லேண்டில் ஊருக்கு ஊர் கிளை இருக்கிற கடையாம். ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பார், இந்தப் பக்கம் குடும்பங்கள். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் கிரிக்கெட். கப்பல் ஏறுவதற்கு முன்னால் அங்கே போய் விங்ஸ் சாப்பிட வேண்டும் என்று வள்ளிக்கு ஆசை. அவள் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் போய் வந்துவிட்டார்களாம். மாமாவும் வரணும் என்று அவரைப் போய் இவளே அழைத்துவிட்டாள். விங்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ ஐஸ்கிரீம் வகை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் தெரியாது.

செவ்வாய், வெள்ளி தள்ளி ஒரு புதன்கிழமை போனோம். சாயங்கால மேட்ச், இந்தியா ஆடியது. உள்ளே போனதும் நான் சாமி படம் எங்கே என்று பார்த்தேன். கிரிக்கெட் சட்டைகளைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பரிமாறுகிற பையன்களும் முதுகில் நம்பர் போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பிரியாணி உண்டா என்று கேட்டதற்கு, இங்க வந்துமா அப்பா என்று வள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் வெளுத்த சட்டை போட்டு, தலை படிய வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கூடை வந்தது. உள்ளே காகிதம் விரித்து, செக்கச் செவேலென்று மசாலா பூசிய துண்டுகள். எலும்பு போடத் தனியாக ஒரு குட்டித் தகர வாளி. என் வீட்டுக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, குட்டிக் கால் மாதிரி இருக்கே என்றார். அண்ணன் அதை வாங்கி, மூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இல்ல மச்சான். றெக்கதான் இது." கூடையைக் கிளறினார். "அம்புட்டும் றெக்கயா? மத்ததெல்லாம் எங்க?"

அவர் கூடையை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். தின்ன ஆரம்பித்தார். ஒன்று தொண்டையில் இறங்குவதற்குள் அடுத்ததைக் கையில் எடுத்தார். மாமாவுக்கு எவ்வளவு பசி என்று வள்ளி சிரித்தாள். நான் மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் தொடையைக் கிள்ளினேன். நான் முன்பே சொல்லியிருந்ததால் அவருக்கும் புரிந்துவிட்டது. வேற ஏதாவது வாங்கலாம், நூடுல்ஸ் வாங்கலாம் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் டிவியில் நம் ஆள் சிக்ஸர் அடித்தான். ஓட்டலே எழுந்து நின்று கத்தியது. பரிமாறுகிற பையன் ஓடி வந்து இன்னொரு சின்னத் தட்டை வைத்தான். மேட்ச் நடக்கும்போது இந்தியா சிக்ஸர் அடித்தால் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தட்டு விங்ஸ் சும்மாவாம். "ஃப்ரீ ஹை, அங்கிள்" என்றான்.

அண்ணன் அந்தத் தட்டையும் இழுத்துக்கொண்டார்.

மசாலா காரம் அவர் கண்ணில் நீராக வழிந்தது. மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தின்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் பந்தயம் என்று நினைத்துக் கை தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். பந்து மேலே எழும்போதெல்லாம் எல்லோரும் போ போ என்று கத்தினார்கள். அண்ணன் மட்டும் டிவியைப் பார்த்து, வேணாம் வேணாம் என்று முணுமுணுத்தார். பந்து பவுண்டரிக் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தால் அவருக்கு ஒரு மூச்சு வரும். விழாமல் போனால் இன்னொரு தட்டு வரும். நம் ஆட்கள் அன்றைக்கென்று அடித்தார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, இந்தப் பிள்ளை நல்லபடியாகக் கரை போய்ச் சேரட்டும், உனக்கு ஒரு சேவல் விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் கோயிலில் சேவலை அறுப்பதில்லை. உயிரோடு சாமிக்கென்று விட்டுவிடுவது. வேண்டுதல் வேறு, மூடநம்பிக்கை வேறு என்று நான் அண்ணனிடமே பல தடவை சொன்னவள்தான். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் தின்பதை நிறுத்தியிருந்தார். முடியவில்லை. கை கூடைக்குள் இருக்க, வாய் நிறைய மெல்லாத கறியோடு அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். எல்லா மேஜைகளிலும் பிள்ளைகள். பிறந்தநாள் தொப்பி போட்ட பிள்ளைகள், ஸ்கூல் யூனிபார்மில் வந்த பிள்ளைகள், தகப்பன் தோளில் உட்கார்ந்த பிள்ளை. எல்லோர் கையிலும் றெக்கை.

அப்போது வள்ளி எழுந்து, கூடைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் குட்டி."

"மாமா, ஒண்ணே ஒண்ணு."

அவள் அறியாமல்தான் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் சொல்லவே இல்லையே. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்போது அவர் பார்த்தது வள்ளியை இல்லை, வேறு ஒரு பிள்ளையை என்று எனக்குத் தோன்றியது. ஏன் மாமா, உங்க பங்கு குறைஞ்சிடுமா என்று அவள் கேட்டாள். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் தின்றாள். நல்லா இருக்கு மாமா என்றாள். விரலைச் சப்பிக்கொண்டே கை கழுவப் போனாள்.

அண்ணன் வாயிலிருந்ததை வாளியில் துப்பினார். அவர் எலும்பு துப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை வருசமா திங்கிறேன் தங்கச்சி. ஊர்ல உள்ள றெக்கயெல்லாம் தின்னுட்டேன். நான் மட்டும் பறக்க மாட்டேங்கிறேனே."

என் வீட்டுக்காரர் தண்ணீர் கிளாஸை நிரப்பி அவர் பக்கம் நகர்த்தினார். அதைவிட வேறு எதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் செய்யத் தெரியவில்லை. பையன் வந்து, வாழ்த்துகள் அங்கிள், எங்கள் கடையில் இவ்வளவு தின்றவர் நீங்கள்தான் என்று இந்தியில் சொல்லி, கடை பெயர் போட்ட ஒரு தொப்பியை அவர் தலையில் வைத்தான். அவர் அதைக் கழற்றக்கூட இல்லை. அதைப் போட்டுக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார்.

வள்ளி கப்பல் ஏறிய அன்று ஹேடோ துறைமுகத்துக்கு அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். அவள் ஷூ கயிற்றைக் குனிந்து இரட்டை முடிச்சாக முடிந்தார். கல்யாண வயசுப் பெண், எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவள் நெளிந்தாலும் காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கப்பல் நகர்ந்து, வளைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் அவர் நின்றார். அவள் கரை சேர்ந்து போன் பண்ணுகிற வரைக்கும் எங்கள் படியிலேயே கிடந்தார். சமைத்துக் கொடுத்ததைத் தொடவில்லை. கடல் எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரரை ஆபீஸிலிருந்து விசாரித்து வரச் சொன்னார். நல்லா இருக்கு என்றால், அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மச்சான் என்றார்.

போன் வந்தது. ஹாஸ்டல் சேர்ந்துவிட்டேன், சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்று வள்ளி சொன்னாள். போனை அவரிடம் கொடுத்தேன். காதில் வைத்து, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

நேர்ந்த சேவலை அவரேதான் வண்டூர் பக்கம் போய் வாங்கி வந்தார். நல்ல சிவப்புச் சேவல். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் படியெல்லாம் ஏறினார். அய்யர் தீபம் காட்டி, சேவலுக்கு விபூதி தூவி, விட்டுருங்க என்றார். அண்ணன் விடவில்லை. ஒரு கையால் அதன் இறக்கை இரண்டையும் மூடிப் பிடித்தபடி நின்றார். அய்யர் மறுபடி சொன்னார். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள்.

"விடுங்கண்ணே. அது சாமியோடது" என்றேன்.

"விட்டா போயிரும் தங்கச்சி."

"போகட்டும். அவன் பாத்துக்குவான்."

எப்படியோ கையைத் திறந்தார். சேவல் படபடவென்று அடித்து எழும்பியது. எல்லோரும் ஒதுங்கினோம். எழும்பி, மதில் உயரம்கூடப் போகாமல், பக்கத்திலிருந்த தேங்காய் உடைக்கிற கல்மேல் உட்கார்ந்தது. கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, கீழே குதித்து, சிந்திக் கிடந்த அரிசியைக் கொத்த ஆரம்பித்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க தங்கச்சி. ஆள் ஒசரம்கூடப் பறக்கல." மதிலுக்கு அப்பாலிருந்த தென்னையை அண்ணாந்து பார்த்தார். "தண்ணி தென்ன ஒசரம் வந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் படி இறங்கி வரும்போது அழுதார். சத்தம் போட்டு, வழியில் பார்க்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். நான் பின்னாலேயே வந்தேன். கடைசியில் முருகன் கண்ணைத் திறந்துவிட்டான், இந்த மனுஷன் நெஞ்சிலிருந்து முள் வெளியே வந்துவிட்டது என்று நினைத்து நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வள்ளி இல்லாமல் யாருக்குச் சமைக்க? என் வீட்டுக்காரர் கேட்டதற்காகக் கொஞ்சமாக எடுத்தேன். குழம்பு கொதித்தது. பின்வாசலில் இருமல் கேட்டது.

படிக்குக் கீழே அதே தட்டோடு நின்றார். தலையில் அந்த ஓட்டல்காரன் கொடுத்த தொப்பி.

எங்கள் வீட்டில் காப்பாற்றுவதற்கு இப்போது பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? கோழி எவ்வளவு பறக்கும் என்று அவரே சொன்னாரே. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினார்.

"ரெண்டும் இருக்குது தானே தங்கச்சி?"

"இருக்குண்ணே" என்றேன். இரண்டையும் எடுத்து வைத்து, மேலே கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.